அம்மாளாச்சிக்கு நேர்ந்த தண்ணீர்

எங்கள் நயினாதீவில் ஆறு கிடையாது. ஆற்றை நான் பாடப் புத்தகத்தில் படமாகக் கண்டதோடு சரி. கங்கைத் தண்ணீரைப் பிரிப்பதில் இந்தியாவுக்கும் வங்காளதேசத்துக்கும் வழக்கென்று வானொலியில் செய்தி போனால், பணக்காரர் வீட்டுச் சண்டையைக் கேட்பது போலத்தான் எனக்கு இருக்கும். அவ்வளவு தண்ணீரையும் வைத்துக்கொண்டு ஏன் அடிபடுகிறார்கள் என்று நினைப்பேன்.

எனக்கு ஒரு நேர்த்தி இருந்தது. மனைவி முதற்பிள்ளையைப் பெறும்போது செத்துப் பிழைத்தவள். அவளைத் தந்தால், ஆனித் திருவிழாவுக்கு வருகிற அடியார்களுக்கு என் உயிருள்ளவரைக்கும் தாகம் தீர்ப்பேன் என்று எங்கள் தீவுக் கோயில் அம்மாளாச்சியிடம் அழுது கேட்டேன். தந்தாள். அதன் பிறகு ஒவ்வொரு ஆனியிலும் இறங்குதுறைக்குக் கிட்ட தென்னங்கிடுகால் ஒரு பந்தல் போட்டு, தேசிக்காய்ப் புளியும் சர்க்கரையும் கரைத்த தண்ணீர் கொடுத்து வந்தேன்.

எங்கள் வீடுகள் இருக்கிற ஒழுங்கையில் ஒரு பொதுக் கிணறு உண்டு. நல்ல தண்ணீர்தான். ஆனால் ஆனியில் அது அடியோடு ஒட்டிக் கிடக்கும். ஒழுங்கைச் சனம் குடிக்கவே மட்டுமட்டு. பந்தலுக்கான தண்ணீரை எதிர்த் தீவிலிருந்து பீப்பாக்களில் நிரப்பி வள்ளத்தில் கொண்டுவருவோம். அங்கே மிளகாய்த் தோட்டம் செய்கிற ஒரு கமக்காரரின் காணியில் வற்றாத கிணறு. கோயிலுக்குப் போகிற தண்ணீர் என்று முதல் வாளியை அவரே அள்ளித் தருவார்.

எண்பத்தாறாம் ஆண்டளவில் மாரி பொய்த்தது. அந்த ஆனியில் நானும் மனைவியின் தம்பியும் பீப்பாக்களோடு போய் இறங்கியபோது கமக்காரர் வேலிப் படலையடியிலேயே நின்றார்.

"இந்த முறை ஏலாது அண்ணை. குடிக்கவெண்டால் ஆளுக்கொரு குடம் அள்ளுங்கோ. பீப்பாக் கணக்கிலை இறைச்சால் உப்புச் சவர் ஏறிப்போடும்."

மச்சான் வாய்க்காரன். "நிலத்துக்குக் கீழையும் வேலி போட்டு வைச்சிருக்கிறியளோ?" என்று கேட்டான்.

"வேலி இல்லையெண்டால் உம்மட ஊரிலையே அள்ளுமன் தம்பி. அம்மாளாச்சி உங்கட பக்கந்தானே இருக்கிறா. மழைக்கும் ஒருக்கால் சொல்லிவிடுங்கோ."

கமக்காரரோடு நின்ற ஆட்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் மச்சானுக்குப் பொறுக்கவில்லை. "இனி உங்கட தண்ணியிலை நாங்கள் காலும் கழுவமாட்டம்" என்று சொல்லி, வெறும் பீப்பாக்களை உருட்டிக்கொண்டு வந்து வள்ளத்தில் ஏற்றினான்.

தீவுகளில் நல்ல தண்ணீர் சவர்த் தண்ணீருக்கு மேலே, பாலில் ஆடை போல மெல்லிசாகக் கிடக்கிறது. அதனால் எங்கள் ஆட்கள் கிணற்றை அகட்டுவார்களே தவிர ஆழமாக்கமாட்டார்கள். வாளி அடியைச் சுரண்டினாலே பெண்கள் ஏசுவார்கள். இது ஊரில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் ஒழுங்கை ஆட்கள் கூடிப் பேசிக் கிணற்றுக்குள் இறங்கினார்கள். எதிர்த் தீவாரிடம் இனிமேல் கையேந்தக் கூடாது, அம்மாளாச்சியின் காரியம் நிற்கக் கூடாது என்ற ரோசம். ஒரு முழம் வெட்டினார்கள். பிறகு இன்னுமொரு முழம்.

தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. இனித்தது. மச்சான் உள்ளே நின்று இரண்டு கையாலும் ஏந்திக் குடித்துவிட்டு, "பாத்தியளே அத்தான், அவ எங்களைக் கைவிடேல்லை" என்றான். கிணற்றடியில் பொங்கிப் படைத்தோம். திருவிழா தொடங்கிய நாட்களில் பந்தலில் தண்ணீர் தாராளமாக ஓடியது.

திருவிழா முடிந்து கொடியிறக்க முன்னமே ஒரு காலை தேத்தண்ணீர் கரித்தது. சீனிக்குப் பதிலாக உப்பைப் போட்டாயோ என்று மனைவியைக் கேட்டேன்.

"நான் ஒண்டும் போடேல்லை," என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் அடுப்பை ஊதினாள்.

கிணற்றின் அடியை மண் போட்டுத் தூர்த்துப் பார்த்தோம். சவர் போகவில்லை. அள்ள வந்த பெண்களில் ஒருத்தி குடத்தை இடுப்பில் வைத்தபடி, "நேர்த்திக்கு வெட்டின கிணறு. ஆரைப் பேசிறது?" என்று மற்றவளுக்குச் சொல்லிக்கொண்டு போனாள்.

வெட்கத்தை விட்டு மறுபடி எதிர்த் தீவுக்குப் போக வேண்டி வந்தது. அதற்கிடையில் கடல் வேறு கடலாகிவிட்டது. இந்தியாவிலிருந்து இயக்கங்களின் ஆயுத வள்ளங்கள் இந்தப் பக்கத்தால்தான் வருகின்றன என்று சொல்லி, கடற்படை இயந்திர வள்ளங்களை மறித்தது. சோதனை முடிந்த பிறகு துடுப்புப் போட்டுப் போனோம்.

கமக்காரரின் காணியில் முட்கம்பி அடித்திருந்தது. கிணறு கடற்படை முகாமுக்குள். வெளியே வெயிலில் ஒரு வரிசை. நடுவில் கமக்காரரும் ஒரு குடத்தோடு நின்றார்.

"வாருங்கோ அண்ணை. வரிசைக் கடைசி அங்காலை," என்றார். பிறகு மச்சானைப் பார்த்து, "தம்பி, பீப்பா கொண்டுவரேல்லையோ? கேட்டுப் பாருமன், குடுப்பினம்" என்றார்.

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. மச்சான் வரிசைக் கடைசியில் போய் நின்றான். ஆளுக்கொரு குடம் என்பது கடற்படையின் சட்டமும்தான். கமக்காரர் தன் குடத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு, கம்பிக்குள்ளே வாடிக் கிடந்த தன் மிளகாய்க் கன்றுகளைப் பார்த்தபடி போனார்.

அடுத்த ஆனியிலும் பந்தல் போட்டேன். சொன்ன சொல்லை அம்மாளாச்சியிடம் எப்படித் திருப்பி வாங்குவது? வீட்டுக்கென்று எதிர்த் தீவிலிருந்து கொண்டுவந்த குடத்தை மனைவியே தூக்கித் தந்தாள். சனமும் குறைவு. அப்படியிருந்தும் காலைப் பூசை மணி கேட்க முன்னமே குடம் காலி.

அதற்குப் பிறகு வள்ளத்தால் இறங்கிய ஒரு தாய், கையில் குழந்தையோடு வந்து கேட்டாள். முடிந்துவிட்டது என்றேன்.

"கிணறு இல்லையோ ஐயா?"

"இருக்கு பிள்ளை. சவர்."

"பரவாயில்லை, அதிலை கொஞ்சம் தாங்கோ. பிள்ளை வாடிப்போச்சு."

ஒழுங்கைக் கிணற்றில் அள்ளி வந்து மூக்குப்பேணியில் ஊற்றிக் கொடுத்தேன். குழந்தை முகத்தைச் சுழித்தது. துப்பவில்லை, முழுவதையும் குடித்தது. தாய் பேணியைத் திருப்பித் தந்து, "அம்மாளாச்சி உங்களை நல்லா வைச்சிருப்பா" என்று சொல்லிவிட்டுக் கோயில் பக்கமாக நடந்தாள்.