அண்ணன் மாட்டிய சக்கரம்

அண்ணனின் முதலாண்டு நினைவு நாளில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். இப்படிப்பட்ட மலரில் போனவரைப் பற்றி நல்லது மட்டும் எழுதுவதுதான் வழக்கம். அண்ணனிடம் நல்லது நிறையவே இருந்தது. ஆனால் அவர் செய்த ஒரு காரியத்தின் பழியை இன்னொருவர் சுமந்துகொண்டிருக்கிறார். அதை இறக்கி வைக்காமல் மற்றதை எழுத எனக்குக் கை வரவில்லை. எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது சைதாப்பேட்டையில், அடையாற்றங்கரைக் குடிசையில். அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். ஆற்றில் தண்ணீர் ஏறும்போதெல்லாம் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு ஓடுவது அண்ணனின் வேலை. அப்பா படுத்த படுக்கையானதும் எட்டாவதோடு படிப்பை விட்டு லாரிப் பட்டறையில் சேர்ந்தார். நான் பட்டம் வாங்கி அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பது அவர் கையில் படிந்த கிரீஸால்தான்.

அப்போதெல்லாம் லாரிச் சக்கரத்தின் நட்டைக் கழற்ற ஸ்பானரில் நீளமான பைப்பைச் செருகி அதன்மேல் ஏறிக் குதிப்பார்கள். அண்ணனும் குதித்தவர்தான். முன்பல் ஒன்று அப்படித்தான் போனது. சொந்தக் கடை போட்டதும் அவர் முதலில் வாங்கியது ஏர் கன். கம்ப்ரஸர் காற்றில் ஓடி, நட்டை அடித்து அடித்து இறுக்கும் கருவி. இரண்டு கையாலும் தூக்கினால்கூட என் தோள் இறங்கிவிடும். அதற்கு வெள்ளிக்கிழமைதோறும் சந்தனமும் குங்குமமும் வைப்பார். "எனக்குப் பூ வாங்கியாற மறந்துடுவாரு, அதுக்குப் பொட்டு வெக்க மட்டும் மறக்கவே மாட்டாரு" என்று அண்ணி குறைபட்டுக்கொள்வார்.

கன்னால் இறுக்கிய பிறகு கை ஸ்பானரால் ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். வண்டியை எடுக்கும் முன் டிரைவரும் ஒவ்வொரு நட்டையும் தட்டிப் பார்க்க வேண்டும். தொழிலில் எல்லோரும் செய்வது அது. அண்ணன் கடையில் மட்டும் கிடையாது. "நட்டு இறுகிச்சா இல்லியான்னு அதுவே சொல்லும் பாப்பா. சத்தம் மாறும். கேட்டுக்கினே இருக்கணும், அவ்ளோதான்" என்பார். துருவேறிய போல்ட்டில் நட்டு பாதியில் சிக்கிக்கொண்டாலும் கன் அடிக்கும், இறுகிய பிறகும் அடிக்கும். இரண்டு சத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் அவர் காதுக்குத் தெரிந்தது. "அண்ணன் மாட்னா கண்ண மூடிக்கினு எடுக்கலாம்" என்று டிரைவர்கள் சொல்லச் சொல்ல அவருக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. தட்டிப் பார்க்க யாராவது ஸ்பானரை எடுத்தால் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

அந்த கன்னே நாளடைவில் அவர் காதைத் தின்றுவிட்டது. வீட்டு டிவியின் சத்தம் தெருமுனை வரை கேட்டது. பேசினால் நம் வாயையே பார்ப்பார். டாக்டரிடம் போகலாம் என்றால், "எனக்கு இன்னா கொற? நீங்கதான் முணுமுணுன்னு பேசறீங்க" என்று எரிந்து விழுவார். சத்தத்தை நம்பித் தொழில் செய்பவர் அல்லவா, காது போய்விட்டது என்று தெரிந்தால் கடைக்கு யாரும் வரமாட்டார்கள் என்று பயந்திருக்கிறார்.

அடுத்து நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். தெரிந்தது பாதிதான். டிரைவர் பழனி ஓட்டிய தண்ணீர் லாரிக்கு அண்ணன் கடையில் பின்சக்கரம் மாட்டினார்கள். அன்று காலையே பட்டினப்பாக்கத்தில் அந்தச் சக்கரம் கழன்று ஓடி மீன் கடைகளுக்குள் புகுந்தது. மீன் விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாவின் கால் முறிந்தது. நட்டைத் தட்டிப் பார்க்காமல் வண்டியை எடுத்துவிட்டார் என்று எல்லோரும் பழனியைத்தான் சொன்னார்கள். வண்டி ஓனர் அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். வழக்குக்காகச் சைதாப்பேட்டை கோர்ட்டுக்கு அலைந்தார். அண்ணன் கடை மீது யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

கோர்ட்டுக்கு வரும் நாளெல்லாம் பழனி எங்கள் கடைக்குப் பக்கத்தில்தான் டீ குடிப்பார். அவர் வருவது தெரிந்தால் அண்ணன் ஏதாவது ஒரு லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாராம். கடைப் பையன்கள் அதை இப்போதுதான் என்னிடம் சொன்னார்கள். சைதாப்பேட்டையிலேயே மீன் மார்க்கெட் இருக்க, ஞாயிற்றுக்கிழமைதோறும் பட்டினப்பாக்கம் போய் மீன் வாங்கி வந்தார். அங்கே மீன் ருசி அதிகம் என்று நானும் நம்பினேன்.

சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களில் அண்ணனே வாயைத் திறந்தார். காது கேளாதவரின் குரல் பெரிது. பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"பழனி தட்டிப் பாக்கணும்னான் பாப்பா. ஸ்பானர் எட்த்துக்கினு வந்தான். என் வேலைய நீ தட்டிப் பாக்கறியான்னு புடுங்கி வீசிட்டேன். அன்னிக்கி எனக்குச் சத்தம் ஒண்ணும் வெளங்கல. காது கேக்கலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"இத்தினி வருசமா யார்கிட்டயும் சொல்லலியாண்ணா?" என்று அவர் காதருகே கத்தினேன்.

"ஓனர்கிட்ட சொல்லலாம்னு ராஜா அண்ணாமலைபுரத்துல அவரு வீட்டு கேட் வரிக்கும் போனேன். திரும்பி வந்துட்டேன். பழனியும் என்னெக் காட்டிக் குடுக்கல பாப்பா."

என்னைத் தோளில் சுமந்து வெள்ளத்தைக் கடந்தவர் என் முன்னால் தலையைத் தூக்க முடியாமல் கிடந்தார். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. 'நான் போனப்புறம் சொல்லிடு' என்றார். உயிரோடு இருக்கும்போதே சொல்லியிருக்கலாமே என்று இன்றுவரை ஆறவில்லை.

இதை அச்சில் போடக்கூடாது என்று அண்ணன் மகன் என்னிடம் சண்டை போட்டார். கடையை இப்போது நடத்துவது அவர்தான். "கடைய இழுத்து மூடிட்டு எங்க போறது அத்த?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அண்ணிதான், "எழுதும்மா, நா சொல்றேன்" என்று முடித்து வைத்தார். மகனும் இறுக்கிய பிறகு ஸ்பானரை டிரைவர் கையில் கொடுத்துத்தான் வண்டியை அனுப்புகிறார்.

பட்டினப்பாக்கத்து அம்மாவைப் போய்ப் பார்த்தேன். காலை நீட்டி உட்கார்ந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஞாயித்துக்கெழம வருவாரே, அவரா?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை. மன்னிப்பு என்ற சொல்லை எடுக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் மாறி மாறி உடன் இருந்த கடைப் பையன்களுக்கும், வந்தவர்களுக்கெல்லாம் சமைத்துப் போட்ட எங்கள் தெருப் பெண்களுக்கும், வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து பாடைக்குத் தோள் கொடுத்த டிரைவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. தோள் கொடுத்தவர்களில் பழனியும் ஒருவர். அவருக்கு நன்றி என்ற சொல் போதாது.

ஆற்றோரம் காலி செய்யப்பட்டபோது ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களில் பழனியுடையதும் ஒன்று. இப்போது அங்கே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அண்ணன் சொன்னதை மலரில் போடப் போகிறேன் என்று போன வாரம் அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

"வேணாம்க்கா. போனவரு பேர எதுக்கு இழுக்கறீங்க" என்றார்.

நான் எழுந்துகொண்டபோது கதவு வரை வந்தார். "போட்டே தீருவீங்கன்னா, நான் ஸ்பானர் எட்த்துக்கினு வந்தேன்னு ஒரு வரி போடுங்க. என் பொண்ணு படிப்பா. அப்பன் அசால்ட்டா வண்டி எட்த்து ஒரு பொம்பள கால ஒடச்சிட்டான்னு நெனச்சிக்கினு கீறா" என்றார்.

பழனியின் மகளே, உன் பெயர்கூட எனக்குத் தெரியாது, உன்னைப் பார்த்ததும் இல்லை. உன் அப்பா ஸ்பானரை எடுத்துக்கொண்டு வந்தார். எங்கள் அண்ணன்தான் பிடுங்கி வீசினார்.