சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம்

டிசம்பர் வந்தால் எங்கள் மொட்டைமாடியில் வெயில் பாதியாகிவிடும். தெற்கே எழும்பிய ஐந்து மாடிக் கட்டடம் தன் நிழலை நாளுக்கு நாள் எங்கள் பக்கம் நீட்டிக்கொண்டே வரும். போதாததற்கு இந்தத் திருவொற்றியூர்க் காற்றில் வரும் கரித்தூள். தினமும் ஈரத்துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைப்பேன். பெற்ற பிள்ளைக்கு நான் இப்படி மூக்குத் துடைத்ததில்லை என்பது மனைவியின் குற்றச்சாட்டு. உண்மைதான். இலை திமிறாது.

காசிமேட்டில் மீன் வைத்துவிட்டுத் தூக்கிப்போடும் தெர்மோகோல் பெட்டிகள்தான் என் தோட்டம். எத்தனை தடவை கழுவினாலும் வாசம் போகாது. விதை போட்டால் முதலில் தலைகாட்டுவது முளை அல்ல, பூனை.

கீழே குடியிருக்கும் வீட்டுக்கார அக்கா ஒருநாள் மேலே வந்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"வெயிலே வராத எடத்துல இன்னாத்துக்குபா இத்தினி பொட்டி? பொங்கலுக்குள்ள எடுத்துடு. நான் ஷீட்டு போட்டு ஷெட்டு கட்டப் போறேன்."

"வெயில் வருதுக்கா."

"எங்க வருது? எனுக்கும் கண்ணு கீது நைனா."

அன்றுதான் முடிவு செய்தேன். ஆண்டிலேயே குறுகிய பகல் வரும் நாளில், உச்சி வேளை நிழல் எதுவரை நீள்கிறதோ அதுதான் அதன் எல்லை. வேறெந்த நாளும் நடுப்பகலில் அதைத் தாண்டாது. அந்த எல்லையைக் காட்டிவிட்டால் மிச்ச மாடி என்னுடையது. அந்த நாளைக் கொண்டாடியே தீர வேண்டும், சர்க்கரைப் பொங்கல் வை என்றேன்.

"இந்தப் பண்டிகை எந்தக் காலண்டர்ல கீது?" என்றாள் மனைவி.

"நம்ம வூட்டுக் காலண்டர்ல."

சாக்பீஸ் கோடு ஒரு தூறலுக்குத் தாங்காது. துறைமுகத்துத் தோஸ்து ஒருவன் கப்பலின் அடிப்பக்கத்துக்கு அடிக்கிற சிவப்பு பெயிண்ட் கொடுத்திருந்தான். கடலுக்கே அழியாதது. அந்த நாள் வந்ததும், உச்சி வெயிலில் மண்டியிட்டு, நிழலின் விளிம்பை ஒட்டிக் கோடு இழுத்தேன். கப்பலுக்கு இந்த லட்சணத்தில் அடித்திருந்தால் அது வெட்கத்தில் மூழ்கியிருக்கும். முடித்த பெருமையில் அந்த ஈரத்தையே மிதித்துக்கொண்டு படியிறங்கி, பொங்கல் ஆயிற்றா என்று கேட்டுவிட்டுத் திரும்ப மேலே வந்தேன்.

சிவப்புத் தடங்களைப் பிடித்துக்கொண்டே அக்கா மாடிக்கு வந்துவிட்டார்.

"யோவ், என் மாடில இன்னாயா பண்ணிகினு கீற? கிருஷ்ண ஜெயந்தியா? குட்டிக் காலு போடுவாங்கோ, இது யானக் காலா கீதே!"

பின்னாலேயே வந்த மனைவி கிண்ணத்தை நீட்டினாள். "வாய்ல போட்டுகினு திட்டுங்கக்கா."

நெய் மணத்தது. அக்கா ஒரு வாய் போட்டார். அந்த இடைவெளி எனக்குப் போதும்.

"அக்கா, வருசத்துலயே நிழலு இவ்ளோ தூரம் வர்றது இன்னிக்குத்தான். நாளைலேர்ந்து அது பின்னாடி போவும். நான் போவ மாட்டேன்."

"அது போவாங்காட்டி?"

"நானே பொட்டிய தூக்கிகினு போயிடறேன்."

அக்கா நிழலைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். கோட்டுக்கு வடக்கே என் மீன்பெட்டிகள் பளீரென்ற வெயிலில் நாறிக்கொண்டிருந்தன. கிண்ணத்தை வழித்து முடித்தார்.

"செரி. ஷெட்டு நெழலுக்குள்ள இருக்கட்டும். கோட்டுக்கு இந்தாண்ட உன் பொட்டிங்கோ. ஆனா ஒரு வெண்டக்கா கோட்டத் தாண்டி எட்டிப் பாத்துச்சு, பறிச்சிக் கொழம்பு வெச்சிடுவேன்."

"நிழலு தாண்டிச்சின்னா?"

"அத்தையும் சேத்து வெச்சிடறேன், போ."

அன்று மாலையே செம்மண்ணும் சாண எருவும் கலந்து பெட்டிகளை நிரப்பினேன். பூனைகள் சுவரில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தன.

மறுநாள் உச்சியில் மனைவியைக் கூட்டிப்போய்க் காட்டினேன்.

"அதே எடத்துலதான் கீது," என்றாள்.

குப்புறப் படுத்துப் பார்த்தேன். ஒரு மயிரிழை பின்வாங்கியிருந்தது. சத்தியமாகப் பின்வாங்கியிருந்தது. எழுந்து, ஒரு பெட்டியைக் கோட்டை இடிக்கிற மாதிரி நகர்த்தி வைத்து, வெண்டை விதைகளை அதில்தான் ஊன்றினேன்.