இடக்கை அரிவாள்

எங்கள் வீட்டு முன்தாழ்வாரத்தில், கூரைத் தகரத்துக்கும் அதைத் தாங்கும் சலாகைக்கும் இடையில் ஓர் அரிவாள் செருகியிருக்கிறது. போர் முடிந்து மீளக்குடியேறிய வருடம் பரந்தன் கடையொன்றில் அப்பா வாங்கியது. அப்பா இடக்கைக்காரர். அரிவாளை ஒரு பக்கம்தான் தீட்டுவார்கள். அவர் தன்னுடையதை மறுபக்கம் தீட்டிக்கொண்டார். வலக்கையால் பிடித்தால் அது நெல் தாளில் வழுக்கும். வாங்கிய புதிதில் தெரியாமல் எடுத்து நான் விரலை வெட்டிக்கொண்ட தழும்பு இன்னும் இருக்கிறது. வயலில் வரிசையாக நின்று வெட்டும்போது அவருக்குப் பக்கத்தில் நிற்க எல்லோருக்கும் பயம், அரிவாளோடு அரிவாள் முட்டும் என்று. அம்மாதான் அவரைத் தன் இடப்பக்கம் நிறுத்திக்கொள்வார். அப்படி நின்றால் இரண்டு அரிவாள்களும் வெளிப்பக்கமாகப் போய்விடும். கதிர் பிடிக்கும் கைகள் மட்டும் அருகருகே வரும். வெட்டுக்கு வந்த பெண்கள், "உங்கள் ரெண்டு பேருக்கும் ஒரு பிடியே போதும்" என்று பகிடி பண்ணுவார்கள்.

காணி அம்மாவுக்குச் சீதனமாக வந்தது. இரண்டு போகம் தொடர்ந்து அழிந்தபோது, நெடுங்கேணியில் இருக்கும் தன் தங்கை வீட்டுப் பக்கம் போய்த் தோட்டம் செய்யலாம் என்றார் அப்பா. பற்றை வெட்டி, கல்லுப் பொறுக்கி மீட்ட நிலத்தை விட்டு வரமாட்டேன் என்றார் அம்மா. பேச்சு முற்றி, "நீரும் உம்மடை காணியும்" என்று சொல்லிவிட்டு அப்பா பஸ் ஏறினார். கோபம் ஆறினால் வருவார் என்று அம்மா இருந்தார். ஆள் அனுப்பினால் வருவேன் என்று அப்பா இருந்தார். ஒன்பது வருடம் போய்விட்டது.

எங்கள் பக்கத்தில் தைப்பூசத்தன்று வீட்டுத் தலைவர் கிழக்கே பார்த்து நின்று முதற்கதிர் அறுப்பார். அதைப் புதிர் எடுப்பது என்போம். அந்தக் கதிரில் நாலு மணியாவது சேர்த்துத்தான் அன்று பொங்குவோம். அப்பா போன பிறகு அதையும் அம்மாவே செய்தார். ஊர் கொஞ்ச நாள் முணுமுணுத்தது, பிறகு பழகிவிட்டது. இப்போது வெட்டுக்கு மிசின் வருவதால் அரிவாளுக்கு வருடத்தில் அந்த ஒரு நாள்தான் வேலை. அம்மா தன் அரிவாளைத் தீட்டும்போது அப்பாவின் அரிவாளையும் இறக்கி, மறுபக்கம் தீட்டி, தேங்காயெண்ணெய் பூசித் திரும்பச் செருகுவார். நான் பார்த்தும் பாராததுபோல் தையல் மிசினில் குனிந்திருப்பேன்.

வருடத்துக்கு இரண்டு தடவை இரண்டு பஸ் மாறி அப்பாவைப் பார்க்கப் போவேன். "இந்த முறை புதிர் ஆர் எடுத்தது?" என்று அப்பா கேட்பார். "அம்மாதான்" என்பேன். அதற்கு மேல் எனக்கு வாய் வராது. பேச்சென்றால் சிறு வயதிலிருந்தே எனக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தால் இரண்டு பேருடைய வாழ்க்கையில் ஒன்பது வருடம் வீணாகிறது என்று ஒரு நாள் பஸ்ஸுக்குள் இருந்தபடி நினைத்தேன். அன்று அப்பா கேட்க முதலே சொல்லிவிட்டேன்: "அப்பா, உங்கடை அரிவாளுக்கு அம்மா இண்டைக்கும் எண்ணெய் பூசுறவா." அப்பா பாதி குடித்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

அடுத்த தைப்பூசத்தன்று காலை வாசற் படலையடியில் அப்பா நின்றார். முழுக்க நரைத்திருந்தார்.

"அரிவாளை எடுத்துக்கொண்டு போக வந்தனான்" என்றார் என்னிடம்.

குசினிக்குள் அடுப்படியில் இருந்து அம்மாவின் குரல் வந்தது. "குடுத்துவிடு, பிள்ளை. தேத்தண்ணியும் குடுத்து அனுப்பு. பத்தரை பஸ் இருக்குது."

நான் அரிவாளை அண்ணாந்து பார்த்தேன். கொடுத்தால் அவர் போய்விடுவார். அதன் பிறகு வருவதற்கு அவருக்கு ஒரு சாட்டும் இருக்காது. ஆனாலும் இறக்கிக் கொடுத்தேன். அப்பா இடக்கைப் பெருவிரலால் விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

"இதை ஆர் தீட்டினது?"

"துருப்பிடிச்சுக் கிடந்தால் பிள்ளையின்ரை கையை வெட்டிப்போடும்" என்றார் அம்மா உள்ளேயிருந்து.

"ஒருத்தரும் தொடாத அரிவாள் ஆரின்ரை கையை வெட்டுறது?"

அப்பா குசினி வாசலுக்குப் போனார். "இஞ்சாரும். பிழை என்ரைதான். காணியை விட்டிட்டுப் போனது கூடப் பரவாயில்லை. உம்மை விட்டிட்டுப் போயிருக்கப்படாது."

அம்மா தன் அரிவாளோடும் வெள்ளைத் துணியோடும் வெளியே வந்தார். "ஒன்பது வருஷம் நான்தான் புதிர் எடுத்தனான். இந்த முறையும் நான்தான் எடுப்பன்."

"ஓம், நீர்தான் எடுக்கவேணும்" என்றார் அப்பா.

அம்மா முன்னால் நடந்தார். அப்பா நாலடி பின்னால், அரிவாளைக் கையில் தொங்கவிட்டபடி போனார். நான் பித்தளைத் தட்டத்தோடு அவர்களுக்குப் பின்னால் போனேன். வயலில் அம்மா கிழக்கே பார்த்து முதற்பிடியை அறுத்துத் துணியில் வைத்தார். அப்பா வரப்பிலேயே நின்றார். இறங்கலாமா என்று அவருக்குத் தெரியவில்லை. அம்மா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "அங்கை என்ன பராக்குப் பார்க்கிறியள்? இடப்பக்கம் வாங்கோ. வலப்பக்கம் வந்தால் முட்டும்."

பத்தரை பஸ் போகும் சத்தம் வீதியில் கேட்டது. யாரும் நிமிரவில்லை.

அது நடந்து நாலு வருடம். இப்போது கூரையில் அப்பாவின் அரிவாளுக்குப் பக்கத்தில் அம்மாவின் அரிவாளும் செருகியிருக்கிறது. போன கிழமை இறக்கிப் பார்த்தேன். ஒன்பது வருடம் துருவே காணாத அப்பாவின் அரிவாளில் செம்புள்ளிகள் விழுந்திருந்தன. "அம்மா, துருப்பிடிக்குது" என்று காட்டினேன். அம்மா அரிசி அரித்துக்கொண்டே சிரித்தார்.

"ஆள் இஞ்சை இருக்கிற நேரம் அரிவாளுக்கு ஏன் எண்ணெய்? தன்ரையைத் தானே தீட்டட்டும்."