குச்சு குச்சு துரையின் ரயில் கண்காட்சி

"எழுதப் படிக்கக் கத்துக்கிட்டா ரப்பர் மரம் என்ன, ரெண்டு மங்கு பால் கூடவா குடுக்கப் போவுது?"

எங்கள் தோட்டத்தில் கணக்கெழுதும் பெரிய கிராணியார் என் அப்பாவிடம் கேட்ட கேள்வி. ஆறாம் வகுப்பு முடித்த நான், டவுனுக்குப் போய் மேலே படிப்பேன் என்று அடம் பிடித்துக்கொண்டிருந்த நேரம். அப்பா தலையைச் சொறிந்தார். கிராணியாருக்குப் பதில் சொல்கிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும்போது மட்டும்தான் அவர் முன்னால் வாய் திறப்போம். "இருக்கேங்க!" — அந்த ஒரு சொல்.

பெரட்டு தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். விடியுமுன் எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும். கிராணியார் புத்தகத்தைப் பார்த்துப் பேர் கூப்பிடுவார். உடனே குரல் கொடுத்தால் வேலை உண்டு. கொஞ்சம் தாமதித்தாலும் "ஆளில்லை!" என்று எழுதிவிட்டு அடுத்த பேருக்குப் போய்விடுவார். "இந்தா நிக்கிறேனே ஐயா" என்று மூக்குக்கு நேரே போய் நின்றாலும் பயனில்லை. புத்தகத்தில் ஆளில்லை என்றால் ஆள் இல்லைதான்!

என் அண்ணன் மாரியப்பன் ஒரு நாள்கூட 'ஆளில்லை' வாங்கியதில்லை. காய்ச்சலில் படுத்திருந்தபோதும் எழுந்து போய்க் குரல் கொடுத்துவிட்டு வந்தவர். அவருக்கு அது ஒரு பெருமை. எனக்குப் படிப்பு எப்படியோ, அவருக்கு அது அப்படி.

நான் அடம் பிடித்ததில் ஜெயித்தேன். எங்கள் வம்சத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். தற்பெருமை என்று நினைக்கிறீர்களா? நினைத்துக்கொள்ளுங்கள்... எனக்கு ஆட்சேபணை இல்லை.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். டவுன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் போய் நிப்பொங்கோ வந்தது — அவர்கள் மொழி. அதையும் படித்தேன். வகுப்பில் முதல் மாணவி. (இதையும் சொல்லிவிடுவோமே!)

அந்தக் காலத்தில் ரப்பர் வாங்க ஆளில்லை. மரத்தில் பால் இருந்தது, வீட்டில் அரிசி இல்லை. மரவள்ளிக்கிழங்கை அவித்து, வறுத்து, இடித்து, கடைசியில் அரிசி என்று நினைத்துக்கொண்டே தின்றோம். அப்படிப்பட்ட ஒரு நாளில் கிராணியார் பெரட்டுக் களத்தில் ஓர் அறிவிப்புச் செய்தார்.

"சுங்கை பட்டாணி டவுன்ல பொம்மை ரயிலு கண்காட்சி. எல்லாரும் போறோம். லாரி ப்ரீ."

பசித்தவனுக்குப் பொம்மை ரயிலா? ஆனால் லாரி இலவசம் என்றால் எங்கள் ஆட்கள் எங்கேயும் போவார்கள். கரி போட்டு ஓடும் லாரி அது. மேடு வந்தபோதெல்லாம் இறங்கித் தள்ளினோம். பாதித் தூரம் லாரி எங்களைச் சுமந்தது, பாதித் தூரம் நாங்கள் லாரியைச் சுமந்தோம்.

கண்காட்சி நடந்தது ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். நடுவே பத்து மேஜைகளைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். அதன் மேல்... சும்மா சொல்லக் கூடாது, அற்புதம்! பிஸ்கட் டின்னை வெட்டிச் செய்த இன்ஜின், சாவி கொடுத்தால் ஓடும். நூலை இழுத்தால் கை இறக்கும் சிக்னல். மூங்கில் குச்சிப் பாலம். பழைய பேப்பரைக் கஞ்சியில் ஊற வைத்து ஒட்டிய மலை, அதில் ஒரு குகை. பீர்க்கங்கூட்டில் பச்சைச் சாயம் ஏற்றிய காடு. அத்தனையும் கையால் செய்தது என்றார்கள்.

இதற்கெல்லாம் பொறுப்பு ஒரு ஜப்பான் அதிகாரி. நாற்பது வயது இருக்கும். இடுப்பில் வாள். முழங்காலில் தவழ்ந்தபடி மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்து, வாயாலேயே புகை விட்டு, வாயாலேயே விசில் அடித்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடத்தில் எங்கள் ஆட்கள் அவருக்குப் பேர் வைத்துவிட்டார்கள் — குச்சு குச்சு துரை.

எங்கள் தோட்டத்தின் பங்கும் அதில் இருந்தது. சும்மா கிடந்த ரப்பர் ஷீட்டை வெட்டி, கை கால் வைத்து, சாயம் பூசி, விரல் நீள மனிதர்களைச் செய்ய வைத்திருந்தார் கிராணியார். சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்று தனி உத்தரவு. அந்த மனிதர்கள் இப்போது பொம்மைக் காட்டுக்கு நடுவே, பொம்மைக் குடிசை வாசலில், பொம்மை ஆஸ்பத்திரி அருகில் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

"இதான் சியாம் லைனு!" என்றார் கிராணியார். "ஜப்பான்காரன் காட்டுல ரயில் ரோடு போடுறான். மூணு மாச வேலை. வீடு, மருந்து, துணி, சோறு, எல்லாம் அங்கியே. போயிட்டு வந்திரலாம்."

சரக்குப் பெட்டிகளில் நிஜமான அரிசியை நிரப்பியிருந்தார்கள். யாருக்கு வந்த யோசனையோ! முதலில் எங்கள் ஆட்களில் ஒருவர்கூட இன்ஜினைப் பார்க்கவில்லை.

"அந்த நாலு பொட்டி அரிசிய வடிச்சா ஓராளு கஞ்சி ஆகும்லா" என்றாள் என் அண்ணி அஞ்சலை.

"ஏய், அது பொம்மைடி."

"ரயிலுதான் பொம்மை. அரிசி நெசம்."

அண்ணனோ வாயைப் பிளந்து நின்றார். ரயில் குகைக்குள் போயிற்று, பாலத்தில் ஏறிற்று, ரெண்டு நிமிடத்தில் எங்கள் முன்னால் வந்து நின்றது. மறுபடி போயிற்று. மறுபடி வந்தது.

"பாத்தியா பாப்பா, போன ரயிலு தானா திரும்பி வருது! பயம் என்னாத்துக்கு?"

அண்ணன் மட்டும் அல்ல, எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். போகிறது, வருகிறது, கண்ணால் பார்க்கிறோமே! மண்டபத்து மூலையில், சியாம் வேலைக்குப் போகிறவர்களுக்கான தாள் ஒன்று இருந்தது. கிராணியார் பேர் எழுத எழுத, ஒவ்வொருவராகப் போய்க் கைநாட்டு வைத்தார்கள். அண்ணனும் வைத்துவிட்டு, நீல விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டே வந்தார்.

எனக்கு அந்த வட்டம் சரியாகப் படவில்லை. நேராகப் போய்க் குச்சு குச்சு துரையைக் கும்பிட்டேன். நிப்பொங்கோவில் கேட்டேன்: "ஐயா, சியாமில் ரயில் எந்த இடத்தில் வட்டம் அடித்துத் திரும்புகிறது?"

அவர் முகம் மலர்ந்தது. தன் பொம்மையைப் பற்றி ஒருவர் கேள்வி கேட்டுவிட்டாரே! வட்டமா? நிஜ லைனில் வட்டமே இல்லை, நேராகப் பர்மாவுக்குப் போகிறது. மேஜை சின்னது, அதனால் வளைத்தேன் என்றார்.

நான் அதைத் தமிழில் உரக்கச் சொன்னேன்.

"இந்த ஆஸ்பத்திரி எந்த ஊரில் இருக்கிறது?"

அது இன்னும் கட்டவில்லை என்றார். காடு வெறுமையாகத் தெரிந்ததால் அழகுக்கு வைத்தாராம்.

அதையும் உரக்கச் சொன்னேன்.

"திரும்பி வரும் பெட்டிகளில் மனிதர்களைக் காணோமே?"

அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். ரப்பர் பொம்மைகள் போதவில்லையாம். இன்னும் செய்து தரச் சொல்லிக் கிராணியாரைக் கேட்டிருக்கிறாராம்.

உண்மையைச் சொல்கிறேன். அந்த மனிதர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. மேஜைக்கு வெளியே ஓர் உலகம் இருப்பது அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அண்ணன் என் காதோரம் வந்தார். "வேணாம் பாப்பா. என் பேர அடிச்சிரு."

"எங்க பேரையும்" என்று நாலைந்து குரல்கள்.

கிராணியார் முகம் கறுத்தது. "கைநாட்டு வச்சா வச்சதுதான். பொட்டப் புள்ள பேச்சக் கேட்டு ஆடாதீங்க!" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீ பேசினது போதும். லிஸ்ட நிப்பொங்கோவுல எழுதித் தொரைகிட்டக் குடு."

எங்களில் அந்த மொழி எழுதத் தெரிந்த ஒரே ஆள் நான்! துரையிடம் போனேன். "ஐயா, எங்கள் தோட்டத்தில் ஒரு கட்டுப்பாடு. பேரைக் கூப்பிட்டு, ஆள் குரல் கொடுத்தால்தான் எழுதுவோம். இது எங்கள் கிராணியார் போட்ட சட்டம்."

துரைக்குக் கட்டுப்பாடு என்ற சொல்லைக் கேட்டதும் உடம்பு விறைத்தது. பிரமாதம், அப்படியே செய் என்று கிராணியாரின் முதுகில் தட்டினார். கிராணியார் என்ன செய்வார்? சிரித்தார். ரப்பர் பொம்மை மாதிரி.

நான் எங்கள் ஆட்கள் பக்கம் திரும்பினேன். "பெரட்டு மாதிரி பேர் கூப்பிடுவேன். பதில் சொன்னாத்தான் எழுதுவேன். இல்லேன்னா ஆளில்லை."

சொன்னது எல்லோருக்கும் புரிந்தது. வாயை இறுக மூடிக்கொண்டார்கள். முதல் பேர். சத்தமில்லை. "ஆளில்லை." இரண்டாவது. "ஆளில்லை." அத்தனை பேரும் மேஜையைச் சுற்றி நிற்கிறார்கள், ஒருவரும் இல்லை! பக்கத்தில் நின்று விரலால் பட்டியலைச் சரிபார்த்த கிராணியாரின் மூக்கில் வியர்வை.

அத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும்... நான்தான் வகுப்பில் முதல் மாணவி ஆயிற்றே! பத்துப் பேர் ஆனதும் எனக்கு ஏறிவிட்டது. கிராணியாரின் குரலிலேயே கூப்பிட ஆரம்பித்தேன். அதே மூக்கு, அதே இழுப்பு. பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார்கள். அதைப் பார்த்து இன்னும் உரக்க இழுத்தேன்.

"மா...ரியப்பன்!"

"இருக்கேங்க!"

முதுகு நிமிர்ந்து, கை இரண்டும் தொடையோடு ஒட்டி... அண்ணன்.

அடுத்த நொடியே கையால் வாயைப் பொத்திக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. பதினைந்து வருஷமாக ஒவ்வொரு விடியலிலும் அந்தக் குரலுக்கு அந்தப் பதில். அண்ணன் வேண்டாம் என்றுதான் நினைத்தார், நாக்கு நினைக்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு யாரும் பயிற்சி கொடுத்ததில்லையே!

"ஆளிருக்கு! எழுது!" என்று துள்ளினார் கிராணியார்.

மற்ற பேரெல்லாம் 'ஆளில்லை' என்று முடிந்ததும் துரை கை தட்டினார். தோட்டம் முழுவதிலும் வந்திருந்த ஒரே ஆள் என்று அண்ணனைப் பாராட்டி, நூல் இழுக்கும் சிக்னல் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். அண்ணன் பேரை நான் எழுதினேன். நல்ல கையெழுத்து. வரி பிசகவில்லை.

மூன்றாம் நாள் அண்ணன் போனார்.

அடுத்த மாதம் மற்றவர்களையும் பிடிக்க லாரி வந்தது. அப்போது கண்காட்சியும் இல்லை, பட்டியலும் இல்லை. ஆனால் அதற்குள் பாதிப் பேர் பெண்டாங் பக்கம் வயல்காட்டு மலாய்க்காரர்களிடம் நாற்று நடப் போய்விட்டார்கள். பாதிப் பேர் புக்கிட் செலம்பாவ் பக்கம் சிறு தோட்டங்களில் கலந்துவிட்டார்கள். கேள்வி கேட்டதில் எங்களுக்குக் கிடைத்தது அந்த ஒரு மாதம். இப்போதும் என்னைப் பார்த்தால் கும்பிடுகிறார்கள். "படிச்ச புள்ள" என்கிறார்கள்.

அண்ணி மட்டும் கும்பிடவில்லை. "நீ கேட்ட கேள்வியில ஊரே பொழைச்சுச்சு. நீ அடிச்ச கூத்துல எம் புருசன் போச்சு" என்றாள்.

சண்டை முடிந்து, சியாமிலிருந்து ஆட்கள் எலும்பாக வந்து இறங்குகிறார்கள். அவர்களில் அண்ணன் இல்லை. ஆனால் போன மாதம் வந்த ஒருவர் சொன்னார்: அங்கே ஒரு கேம்ப் ஆஸ்பத்திரியில் இன்னும் நம் ஆட்கள் கிடக்கிறார்கள், பேர் கேட்டு எழுத ஆளில்லை, பாஷை தெரிந்தவர் யாரும் இல்லை என்று.

நான் போய் எழுதுகிறேன் என்று, திரும்பி வந்திருந்த வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு அன்றைக்கே இங்கிலீஷில் ஒரு விண்ணப்பம் எழுதினேன். அனுமதி வந்தது.

இதை எல்லை ஸ்டேஷனான பாடாங் பெசாரில், சியாம் போகும் ரயில் பெட்டியில் உட்கார்ந்து முடிக்கிறேன். பக்கத்தில் அண்ணி — முந்தாநாள்வரை என்னோடு பேசாதவள் — சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து என் மடியில் வைக்கிறாள். இந்தத் தாளைத் தபாலில் சேர்க்கச் சொல்லி ஜன்னல் வழியாகப் போர்ட்டரிடம் நீட்ட வேண்டும்... ரயில் நகர்ந்துவிட்டது.