ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில்

லிஃப்ட்டில் ஏறுகிறவர்கள் எல்லோரும் ஒரே ரகம். உள்ளே வந்ததும் வாயை மூடிக்கொண்டு, ஒன்றுமில்லாத சுவரை உற்றுப் பார்ப்பார்கள். அந்த ஒன்பது மாடி அலுவலகக் கட்டடத்தின் பழைய லிஃப்ட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் லிஃப்டக்காவை யாரும் பார்ப்பதில்லை. மாடி எண்ணைக்கூடச் சொல்வதில்லை. இத்தனை வருஷமாக ஏற்றி இறக்குகிறவளுக்குத் தெரியாதா என்ற நினைப்பு. அவளுக்குத் தெரியும்தான். யார் எந்த மாடி, யாருக்கு முழங்கால் வலி, யார் வேலையை விடப்போகிறார் என்பதெல்லாம் அத்துப்படி. அவளைப் பற்றித்தான் அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

தெரிந்துகொள்ளவும் பெரிதாக ஒன்றுமில்லை. கல்யாணமாகிக் கொஞ்ச நாளிலேயே புருஷன் போய்ச் சேர்ந்தான். பிள்ளை இல்லை. ஒரே தம்பி, எங்கோ தொலைவில் ஒரு ஊரில். ஒற்றை அறை வீட்டில் ஒரு அடுப்பு, ஒரு கட்டில், ஒரு நாற்காலி. இன்னொரு நாற்காலி வாங்கவேண்டிய அவசியமே வந்ததில்லை. காலையில் லிஃப்ட்டின் கம்பிக் கதவை இழுத்துச் சாத்திப் பித்தளைக் கைப்பிடியைத் திருப்பினால் பெட்டி ஏறும், விட்டால் நிற்கும். தரையோடு தரையாக, முடி அளவுகூடத் தவறாமல் நிறுத்துவாள். அதை யாரும் கவனித்ததில்லை. நன்றாக ஓடுகிற எதைத்தான் யார் கவனிக்கிறார்கள்?

மாதவிலக்கு நின்று வெகுகாலம் கழித்து மறுபடியும் ரத்தம் பட ஆரம்பித்தது. வயசுக் கோளாறு என்று தனக்குத்தானே வைத்தியம் சொல்லிக்கொண்டு, மடித்த துணியோடு முக்காலியில் உட்கார்ந்து மாதங்களை ஓட்டினாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் என்றார்கள். கட்டி பரவியிருந்தது. அறுத்து எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது, கதிர்வீச்சும் மருந்தும்தான் வழி என்றார்கள். அதோடு, புது மருந்து ஒன்றை வைத்து ஓர் ஆய்வு நடக்கிறது, சேர விருப்பமா என்றும் கேட்டார்கள்.

இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த நோயில் சாகிற பெண்களில் பெரும்பாலோர் வசதியில்லாத நாடுகளில்தான் சாகிறார்கள். புது மருந்தைப் போட்டுப் பார்ப்பது மட்டும் பெரும்பாலும் பணக்கார நாடுகளில். ஏன் என்று கேட்டால் குளிர்பெட்டி இல்லை, நிற்காத கரண்ட் இல்லை, பயிற்சி பெற்ற ஆள் இல்லை என்று அடுக்குவார்கள். அந்த ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரம்மா ஒவ்வொன்றாகச் சேர்த்து, வெளிநாட்டுக்காரர்களோடு மல்லுக்கட்டி, ஆய்வைக் கொண்டுவந்தே விட்டார். குளிர்பெட்டி வந்தது, கரண்ட் வந்தது, ஆட்கள் வந்தார்கள். நோயாளிக்குத் துணை என்று ஒருவரும் இல்லாமல் போகலாம் என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

ஆய்வுப் பிரிவு நர்ஸ் நல்ல பெண். ஒளிவுமறைவு இல்லாமல் பேசினாள்.

"பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சையோட புது மருந்தும் உண்டு. மீதிப் பேருக்கு வழக்கமானது மட்டும். யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர்தான் முடிவு பண்ணும், நாங்க மாத்த முடியாது. புது மருந்து கேட்கும்னும் உறுதி சொல்ல முடியாது. பிடிக்கலன்னா எப்ப வேணாலும் விலகிக்கலாம்."

"சேர்ந்துக்கிறேன்."

"கூட யாரு வந்திருக்காங்கக்கா?"

"யாரும் வரல."

"வரும்போது ஒருத்தர் வேணும்க்கா. முதல் ரெண்டு ராத்திரி உங்ககூட இருக்கணும். காய்ச்சல் அடிச்சா, மயக்கம் வந்தா எங்களுக்கு ஃபோன் பண்ணணும். அது இல்லாம சேர்க்க விடமாட்டாங்க."

"நானே பண்ணிக்கிறேனே."

"மயக்கம் போட்டுட்டா எப்படிப் பண்ணுவீங்க?"

எல்லா நாட்டுக்கும் சேர்த்து ஆட்கள் நிறைந்துகொண்டு வருவதாகவும், இந்த வியாழக்கிழமையோடு சேர்க்கையை மூடிவிடுவார்கள் என்றும் நர்ஸ் சொன்னாள்.

தம்பிக்கு ஃபோன் செய்தாள். லீவு கிடைக்காது என்று முதலில் சொன்னான். பிறகு அக்கறை பொங்கியது. "எலிக்குப் போட்டுப் பாக்குற மருந்தை உனக்குப் போடறாங்களா? அதெல்லாம் வேணாம்க்கா. பேசாம இரு."

"பேசாமத்தாண்டா இருக்கேன். பேச ஆள் இருந்தாத்தானே."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

மிச்சம் இருந்தது லிஃப்ட்டில் ஏறுகிறவர்கள்தான். கேட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தாள். அதில் இருந்த சிக்கல் அவளுக்கு மட்டுமே வரக்கூடியது. எதைச் சொல்வதானாலும் மாடி வருவதற்குள் சொல்லி முடிக்கவேண்டும். இரண்டாம் மாடிக்காரர்கள் உதவமாட்டார்கள். வணக்கம் சொல்வதற்குள் இறங்கிப் போய்விடுவார்கள். மூன்றாம் மாடிப் பெண்ணிடம் "உங்ககிட்ட ஒரு உதவி" என்பதுவரை வந்துவிட்டாள். மாடி வந்துவிட்டது. "நாளைக்குப் பேசலாம்க்கா" என்று அவள் ஓடினாள். ஐந்தாம் மாடிக்காரர் "சொல்லுங்க, சொல்லுங்க" என்று ஆசையாகக் காது கொடுத்தார். அவர் ஃபோன் அடித்தது. ஒன்பதாம் மாடி முதலாளியிடம் வாய் திறக்க தைரியம் வரவில்லை. புதன்கிழமை மதியம்வரை இப்படியே போனது. தன் சாவைப் பற்றிப் பேச நாலு மாடி போதவில்லையே என்று அவளுக்கு அழுகை வந்தது.

அன்று சாயங்காலம், ஏழாம் மாடி ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு பார்க்கும் மேடம் மறந்து வைத்துவிட்ட எதையோ எடுக்கத் தனியாக மேலே போக வந்தார். அவளைவிட இரண்டு மூன்று வயது இளையவர். ஆறாம் மாடி தாண்டியதும் லிஃப்டக்கா கைப்பிடியை விட்டுவிட்டாள். பெட்டி நின்றது. கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் வெறும் செங்கல் சுவர்.

"அய்யோ, என்னாச்சு? லிஃப்ட் ரிப்பேரா?"

"லிஃப்ட் நல்லாத்தான் இருக்கு மேடம். எனக்குத்தான் சரியில்ல."

சொன்னாள். ரத்தம் பட்டது, கட்டி, ஆய்வு, துணை, நாளை வியாழன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தப் பெட்டிக்குள் அவள் அவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை. ஒன்பதாம் மாடியிலிருந்து யாரோ மணியை அடித்துத் தள்ளினார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை.

மேடம் முகம் வெளிறிப்போய் நின்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நின்னு போனப்புறம் மறுபடி ரத்தம் பட்டா, அது இந்த நோய்தானா?" என்று கேட்டார்.

"எல்லாருக்கும் அப்படி இல்லையாம். ஆனா பாத்துடணும்னு சொல்றாங்க. சீக்கிரம் வந்திருந்தா எனக்குச் சின்னதா முடிஞ்சிருக்குமாம்."

"எனக்கு ரெண்டு மாசமா இருக்கு. வீட்ல சொல்லல." சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார். "நாளைக்கு நான் வரேன்க்கா. நானும் அங்கேயே காட்டிடறேன். பொண்ணு ஹாஸ்டல்ல இருக்கா, அவ ரூம் காலிதான். ரெண்டு ராத்திரி என் வீட்லயே இருங்க."

லிஃப்டக்கா கைப்பிடியைத் திருப்பினாள். அன்று ராத்திரி அவள் ஒரு பையில் இரண்டு புடவையும் பல் தேய்க்கும் பிரஷும் எடுத்து வைத்தாள். இன்னொருவர் வீட்டில் தூங்கப்போகிறோம் என்பது நோயைவிடப் பெரிய செய்தியாக இருந்தது.

வியாழக்கிழமை காலையிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். ஏழாம் மாடி வரவில்லை. ஃபோன் செய்தாள். அணைத்து வைத்திருந்தார். பக்கத்தில் ஒவ்வொரு பெண்ணோடும் ஓர் அம்மாவோ மகளோ நாத்தனாரோ இருந்தார்கள். ஒருத்தியின் புருஷன் அவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அதைப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை. மதியம் நர்ஸ் வெளியே வந்து, கையைப் பிசைந்துகொண்டு, "நாலு மணி வரைக்கும் பார்க்கிறேன்க்கா. அதுக்கு மேல என் கையில இல்ல" என்றாள்.

கோபம் வந்திருக்கவேண்டும். எனக்கு வருகிறது. ஆனால் அந்த பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தபோது அவளுக்குப் புரிந்தது: மேடம் ஏமாற்றவில்லை, பயந்துவிட்டார். துணைக்கு வந்தால் தானும் உள்ளே போய்ப் படுத்துக் காட்டவேண்டும். அந்தப் பயம் எப்படி ஆளை வீட்டோடு கட்டிப்போடும் என்பது அவளுக்குத் தெரியாததா? மடித்த துணியோடு அவள் ஓட்டிய மாதங்கள் எல்லாம் அந்தப் பயத்தில் ஓட்டியவைதான். பையை எடுத்துக்கொண்டு பஸ் பிடித்தாள்.

கட்டடத்தில் அவளுக்குப் பதிலாக வாட்ச்மேன் லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தான். ஏழாம் மாடிக்கு ஒரு சாண் கீழே நிறுத்தி, "ஏறிக்கோக்கா" என்றான். வேறு நாளாக இருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பான். அன்று அவள் காலைத் தூக்கி வைத்து ஏறிக்கொண்டாள்.

அத்தனை வருஷத்தில் எந்த மாடியிலும் வாசலைத் தாண்டி அவள் உள்ளே போனதில்லை. ஆடிட்டர் ஆபீஸ் நீளமாக, குளிராக இருந்தது. கடைசி மேஜையில் மேடம் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். திரை இருட்டாக இருந்தது. இவளைக் கண்டதும் கண் நிறைந்துவிட்டது.

"மன்னிச்சிடுங்கக்கா. பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தேன். கால் எழும்பல."

"தெரியும்."

"எனக்காகக் காத்திருந்து உங்க இடம் போயிடுச்சா?"

"நாலு மணி வரைக்கும் இருக்கு." லிஃப்டக்கா மேஜைக்கு இந்தப் பக்கம் வந்து, நாற்காலியில் தொங்கிய கைப்பையை எடுத்து அவர் மடியில் வைத்தாள். அன்று மேடம் என்ற சொல் அவள் வாயில் வரவில்லை. "எழுந்திரும்மா. உனக்குத் துணைக்கு நான் வந்திருக்கேன்."

"எனக்கு ரொம்ப பயமா இருக்குக்கா."

"எனக்கு மட்டும் இல்லையா? அதுக்குத்தானே ஆள் தேடுறேன்."