நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி

சிங்கப்பூரில் கன்னியாஸ்திரிகள் தொடங்கிய பெண்கள் பள்ளி எங்களுடையது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு நன்னெறி வகுப்பைப் பதினோரு வருஷமாக நான்தான் எடுத்து வந்தேன். கத்தோலிக்கப் பள்ளியின் நெறிகளை ஞானஸ்நானம் வாங்கியவள்தானே சொல்லித்தர வேண்டும்? யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானாக அப்படி நினைத்திருந்தேன்.

போன வருஷம் பிரின்சிபல் அந்த வகுப்பை இன்னொரு தமிழாசிரியைக்குக் கொடுத்துவிட்டார். என்னைவிடப் பத்து வயது இளையவள். தினம் பொட்டு, வெள்ளிக்கிழமை திருநீறு. எல்லா மதத்துப் பிள்ளைகளும் படிக்கிற இடத்தில் சொல்லித்தருகிறவர்களும் எல்லா மதத்திலும் இருக்கட்டும் என்றார் பிரின்சிபல். நான் தலையாட்டினேன். வயிறு எரிந்தது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதையாகிவிட்டது என்று வீட்டில் புலம்பினேன்.

"நீ எப்போ பிடாரி ஆனே?" என்றார் கணவர். அந்த மனுஷரோடு இரண்டு நாள் பேசவில்லை.

அவளுடைய முதல் பாடத்தன்று கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். உதவிக்கு என்று சொல்லிக்கொண்டேன். போனது தப்புக் கண்டுபிடிக்க.

பைபிளில் ஆண்டவர் ஒரு வீட்டுக்கு விருந்துக்கு வந்த கதையை எடுத்தாள். அக்கா அடுப்படியில் தனியாக அல்லாடுகிறாள். தங்கை அவர் காலடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். நல்ல பெண்ணுக்கு அக்காவின் உழைப்பும் வேண்டும், தங்கையின் பக்தியும் வேண்டும் என்று நான் முடிப்பேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள்.

அவள் முடிக்கவில்லை, கேட்டாள். "அவங்களுக்கு ஒரு தம்பியும் உண்டு, தெரியுமா? சமைக்கவும் ஆளைக் காணோம், உக்காந்து கேக்கவும் காணோம். அவரு எங்க?"

"ஃபோன் பாத்துக்கிட்டு இருந்திருப்பாரு லா, டீச்சர்!" என்றது ஒன்று. வகுப்பே சிரித்தது.

என் வகுப்பில் இரண்டு வருஷம் வாயே திறக்காத ஒரு பெண் எழுந்தாள். "எங்கண்ணன் சாப்பிட்ட தட்டை நான்தான் கழுவணும், டீச்சர். அவனை யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

நாற்பது வருஷமாகக் கேட்ட கதை. நானும் இரண்டு தம்பிகளுக்குத் தட்டுக் கழுவியவள். அந்தக் கேள்வி எனக்கல்லவா வந்திருக்க வேண்டும்? அந்த இளைய டீச்சரைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மணி அடித்ததும் அவள் நேரே என்னிடம் வந்தாள். "அக்கா, தப்பா ஏதும் சொல்லிட்டேனா? உங்களுக்குத்தான் இதெல்லாம் நல்லாத் தெரியும்."

"பரவாயில்ல. முதல் தடவைதானே, போகப் போகச் சரியாயிடும்" என்றேன். அவள் முகம் சுருங்கியது. எனக்குக் கொஞ்சம் குளிர்ந்தது.

அந்த ஞாயிறு சிராங்கூன் ரோட்டுப் பக்கம் எங்கள் தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்தபின், நான் எடுக்கும் மறைக்கல்வி வகுப்பில் அதே கதையைச் சொன்னேன். அதே கேள்வியைக் கேட்டேன். பின்னால் நின்ற தாய்மார்கள் புருஷன்மாரைப் பார்த்துச் சிரித்தார்கள். ஃபாதர் அசந்துபோனார்.

"எத்தனை தடவை இதை வச்சுப் பிரசங்கம் பண்ணியிருக்கேன்! எனக்குத் தோணலையே. உங்களுக்கு எப்படிம்மா தோணுச்சு?"

"ஜெபத்துல வந்துச்சு, ஃபாதர்."

அடுத்த வாரப் பிரசங்கத்தில் ஃபாதர் அதைச் சொல்லி, என்னைக் கைகாட்டினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பாவசங்கீர்த்தனக் கூண்டில் மண்டியிட்டு, பொறாமைப்பட்டதைச் சொல்லிவிட்டேன். திருடியதை இன்னும் சொல்லவில்லை. உள்ளே உட்கார்ந்து கேட்பவர் அதே ஃபாதர்.