ஏஜெண்டின் கைக்குட்டை

யூடிகோலன் வாசனை பட்டால் இன்றும் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். திண்டிவனத்து வங்கி ஏஜெண்டின் கைக்குட்டை வாசனை அது. கிளை நிர்வாகியை அப்போது ஏஜெண்ட் என்பார்கள். புழுதிக் காலோடு நானும் அண்ணியும் நுழைந்தாலே அதை மூக்கில் வைத்துக்கொள்வார், அந்த மகா கனவான்.

செத்துப்போன என் அண்ணன் போட்டுவைத்த பணத்தை அண்ணியிடம் கொடுக்கும்படி விழுப்புரம் கோர்ட் உத்தரவு போட்டிருந்தது. ஆடி மழையில் நனைந்த அண்ணியின் கொல்லை நிலம் மல்லாட்டை என்கிற நிலக்கடலை விதைக்குக் காத்துக் கிடந்தது. விதை வாங்க வேறு காசில்லை.

போகும்போதெல்லாம் ஏஜெண்ட், "மெட்ராஸ்லேருந்து பதில் வரணும்மா" என்பார்.

"ஜட்ஜுக்கும் மேல அங்க யாருங்க இருக்காங்க?" என்றாள் அண்ணி. அவர் கைக்குட்டைக்குள் சிரித்தார்.

இரண்டு மாதம் இப்படி அலைந்துவிட்டு மறுபடி கோர்ட்டுக்குப் போனோம். ஏஜெண்டையும் அங்கே வரவழைத்தார்கள். "இது கோர்ட் அவமதிப்பு. ஹைகோர்ட்டுக்கு எழுதட்டுமா?" என்று ஜட்ஜ் கேட்டதும் கனவான் கூழாகக் கரைந்தார். அதே கைக்குட்டையால் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, வளைந்து குழைந்து கோர்ட்டிடம் மன்னிப்புக் கேட்டார். கோர்ட்டும் மன்னித்தது.

மறுநாளே வங்கியில் பணம் தந்தார்கள். ஜெயித்துவிட்டோம் என்று துள்ளினேன், அண்ணியின் முகத்தைப் பார்க்கும் வரை. சட்டத்தின் கோபம் சட்டத்துக்காக மட்டும்தான் என்று அன்று புரிந்தது.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதும்மா" என்றார் ஏஜெண்ட்.

அண்ணி பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தாள்.

"கோர்ட்டாண்ட மன்னிப்பு கேட்டுக்கினீங்க, வுட்டுட்டாங்க. என் கொல்லை ஈரம் காஞ்சி வெடிச்சிக் கெடக்குது. அதாண்ட எப்பங்க வந்து கேக்கப்போறீங்க?"